கழகம் என்னும் சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் வட்டத்தின் வளர்ச்சியைப் பாராட்டிப் பேசுவது மரபு. எனக்கோ வேறொரு பொருள் தானாக வந்து வாய்த்துவிட்டது. சென்ற மாதக் கூட்டம் முடிந்து, தொடர்வண்டி நிலையத்தருகே நாங்கள் நால்வர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். நம் இளங்கவிஞர் ஒருவர் கேட்டார்: "ஐயா, கோவாவில் இருப்பதுபோல ஒரு சூதாட்ட விடுதி, பெரிய ஓட்டல், கேளிக்கைப் பூங்கா எல்லாம் சேர்த்து நம் ஜி.எஸ்.டி. சாலையோரம் வந்தால் என்ன கெட்டுவிடும்? நம் பிள்ளைகள் பத்துப் பேருக்கு வேலை கிடைக்காதா?" அருகிலிருந்த மூத்த நண்பர் வெகுண்டு, "வள்ளுவர் பிறந்த நாட்டில் கேட்கிற கேள்வியா இது?" என்றார். வாதம் முற்றியது. தேநீர் ஆறிப்போயிற்று. வண்டி வந்துவிட்டது.

நம் ஊருக்கு அப்படி ஒரு திட்டம் வந்திருக்கிறதோ என்று எவரும் அஞ்ச வேண்டா. அவர் கேட்டது கற்பனைக் கேள்விதான். ஆயினும் உலகின் பல ஊர்கள் இக்கேள்வியை உண்மையாகவே எதிர்கொண்டிருக்கின்றன. வண்டியில் வீடு திரும்பும்போது, மூத்தவர் சொன்னது விடையாகாது என்றே எனக்குத் தோன்றியது. வள்ளுவரின் பெயரைச் சொல்லி ஒரு கேள்வியை அடைத்துவிடலாம். கேட்டவர் மனம் அதனால் அடங்காது. ஆகவே அவ்விளைஞருக்கு நான் சொல்ல வேண்டிய விடையை இன்று இந்த அவையில் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'கழகம்' என்ற சொல்லை நாம் இன்று சங்கம், அவை, கட்சி, நிறுவனம் என்னும் பொருள்களில் வழங்குகிறோம். திருக்குறளில் 'சூது' என்னும் தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தில் இச்சொல் இருமுறை வருகிறது. அங்கே அது சூதாடும் களத்தைக் குறிக்கிறது. உரையாசிரியர்களும் அவ்வாறே பொருள் கொண்டனர். பிற்காலத்தில் கம்பர் இதே சொல்லைக் கலை பயிலும் இடத்துக்கு வழங்குகிறார். கவறு உருட்டிய இடத்தின் பெயர் கல்வி பயிலும் இடத்தின் பெயராயிற்று. நான்கு பேர் கூடும் இடம் எதுவும் இவ்விரண்டில் எதுவாகவும் ஆகலாம் என்பதை அச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது. இலக்கியத்துக்காகக் கூடுகிற நாம் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

சூது அதிகாரம் அமைந்திருக்கும் இடத்தையும் காண்க. அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. அதற்கு முன்னே கள்ளுண்ணாமை, பின்னே மருந்து. வள்ளுவர் அதனைத் தனிமனிதனின் பாவமாக மட்டும் எண்ணியிருந்தால் வேறிடத்தில் வைத்திருப்பார். நாட்டின் பொருளோடும் அரசோடும் சேர்ந்த கேடாகவே கண்டார். தோல்வியைப் பற்றி எச்சரிப்பதற்கு முன் அவர் வெற்றியைப் பற்றி எச்சரிக்கிறார். சூதில் பெறும் வெற்றி, தூண்டில் முள்ளை இரையென்று மீன் விழுங்கியது போன்றது என்பது அவர் காட்டும் உவமை.

அந்தத் தூண்டில் முள்ளை இன்று கணக்காகவே காட்டலாம். மேலைநாட்டுச் சூதாட்ட விடுதிகளில் ருலெட் என்னும் சுழல்சக்கரம் உண்டு. ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் சுழி முதல் முப்பத்தாறு வரை 37 எண்கள். நீங்கள் வைத்த எண்ணில் பந்து நின்றால், வைத்த பணத்தோடு அதைப்போல் 35 மடங்கு கிடைக்கும். ஒருவர் 37 எண்களிலும் நூறு நூறு ரூபாயாக வைக்கிறார் என்று கொள்வோம். வைத்தது 3700. எந்த எண்ணில் நின்றாலும் கைக்கு வருவது 3600. ஏமாற்று இல்லை, பந்தில் காந்தம் இல்லை. ஒழுங்காக நடக்கிற ஆட்டத்திலேயே அந்த நூறு ரூபாய் நடத்துபவருக்குச் சேர்ந்துவிடுகிறது. ஒரு நாள் ஒருவர் வெல்லலாம். ஆண்டு முழுவதும் வெல்பவர் நடத்துபவர் ஒருவரே.

இதனால்தான் பழைய தமிழர் ஆடிய ஆட்டத்துக்கும் இதற்கும் வேறுபாடு கூறுகிறேன். புறநானூற்றின் ஐம்பத்திரண்டாம் பாட்டு மருதன் இளநாகனார் பாடியது. போரினால் பாழ்பட்ட ஊரின் பொதுமன்றம் அதில் ஒரு காட்சியாக வருகிறது. தூணில் உறைந்த கடவுள் அதனைக் கைவிட்டுப் போய்விட்டது. நரைமுடி முதியவர்கள் நாள்தோறும் சூதுக்காயை உருட்டி உருட்டித் தேய்ந்த குழியில், இப்போது காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. அந்தப் புலவர் ஆட்டத்தைப் பழிக்கவில்லை. அந்தக் குழி ஊர் வாழ்ந்த வாழ்வின் தடம். ஆடியவர் ஊரார்; ஆடிய தரை ஊரின் தரை. ஒருவர் தோற்றால் மற்றொரு ஊரார் வென்றார். அந்தப் பணத்தில் வெளியிலிருந்து எவரும் பங்கு எடுத்துச் செல்லவில்லை. முதியவர் பொழுதுபோக்கைத் தடுக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஊரின் பலகை எப்போது வேறொருவரின் பலகையாகிறது என்பதே என் கவலை.

இனி அந்த இளைஞரின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் கேட்டது வேலை. அது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய சொல் அன்று. தென்கொரியாவின் காங்வொன் மாகாணத்தில் சாபுக் என்றொரு சுரங்க ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது ஊர் வெறுமையாயிற்று. மக்கள் 1995இல் தெருவில் இறங்கிப் போராடினர். சுரங்கம் மூடிய பகுதிகளுக்கென அவ்வாண்டே ஒரு தனிச்சட்டம் பிறந்தது. அதன்வழி 2000ஆம் ஆண்டு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. ஊர் கேட்டு வாங்கிய விடுதி அது. வேலையும் வந்தது. அதனோடு அடகுக் கடைகளும் வரிசையாக வந்தன. வந்த காரையே அடகு வைத்துவிட்டு நடந்து திரும்பியவர்களின் கார்கள் அங்கே வெயிலிலும் பனியிலும் நின்றன. கொரியக் குடிமக்களைத் தன்னுள் அனுமதிக்கும் ஒரே விடுதி அதுதான். அங்கும் ஒருவர் மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் நுழையக்கூடாது. நாட்டிலுள்ள மற்ற விடுதிகள் எல்லாம் அயல்நாட்டவர்க்கு மட்டும்.

இந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. உலகில் இத்தகைய விடுதியை வரவேற்று நிறுத்திய பல இடங்களில், தங்கள் சொந்த மக்களுக்கு எதிராக ஒரு வேலியையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். மொனாக்கோவின் சூதாட்ட மாளிகை உலகப் புகழ் பெற்றது. மொனாக்கோ குடிமக்கள் அங்கே ஆடக்கூடாது. நேபாளத்தில் நேபாளிகளுக்குத் தடை. மலேசியாவின் கெந்திங் மலையில் முஸ்லிம்களுக்குத் தடை. கோவாவில், மாண்டவி ஆற்றில் மிதக்கும் கப்பல்களில் ஆண்டாண்டாகச் சூதாட்டம் நடந்தபின், 2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் உள்ளே செல்லக்கூடாது என்று அந்த அரசே ஆணையிட்டது. இலங்கையில் உள்நாட்டவர் நுழைவதற்கென டாலர்க் கணக்கில் தனி வரி வைத்திருக்கிறார்கள். விருந்தினருக்கு இலையில் இடுவதைத் தன் பிள்ளைக்கு இடமாட்டேன் என்று சொல்கிற வீட்டை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? அவ்வாறு ஒரு தாய் சொன்னால், அந்த உணவில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க மாட்டோமா?

இந்த வழக்கை மிக நேர்மையாக, ஊரறிய விவாதித்த நாடு சிங்கப்பூர் என்று சொல்வேன். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடு அது. 2004இல் அங்கே விவாதம் தொடங்கிற்று. சமய அமைப்புகள் எதிர்த்தன. குடும்பங்கள் கையெழுத்துத் திரட்டின. அமைச்சரவைக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. 2005 ஏப்ரல் 18 அன்று தலைமை அமைச்சர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில், இரண்டு விடுதிகளுக்கு ஒப்புதல் அளிக்கும் முடிவை அறிவித்தார். சூதாட்டக் கூடம் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாது. மற்றவை எல்லாம் மாநாட்டு மண்டபங்கள், அரங்குகள், பூங்காக்கள் என்பது விளக்கம். 'ஒருங்கிணைந்த உல்லாச விடுதி' என்று பெயரிட்டார்கள். 2010இல் இரண்டும் திறக்கப்பட்டன.

அந்தப் பெயரைக் கேட்கும்போது எனக்கு மகாபாரதம் நினைவுக்கு வருகிறது. கௌரவர்கள் பாண்டவர்களைச் சூதுக்கென்று மட்டும் அழைக்கவில்லை. புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருக்கிறோம், வந்து காணுங்கள் என்றே அழைப்பு. அந்த மண்டபத்தில் கவறு உருண்ட இடம் எத்தனை அடி இருந்திருக்கும்? நூற்றுக்கு ஐந்துகூட இராது. பாரதி 1912இல் அக்கதையைப் பாஞ்சாலி சபதமாக எழுதியபோது, அவையில் வாய்மூடி வீற்றிருந்த பெரியோர்மேல் அவர் கொண்ட சினத்தை நாம் அறிவோம்.

சிங்கப்பூரார் வாய்மூடி இருக்கவில்லை. வேலியை வலுவாகவே போட்டார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைவுக்கு நூறு வெள்ளி கட்ட வேண்டும் என்றார்கள். 2019இல் அது 150 வெள்ளியாயிற்று. அரசின் உதவித்தொகை பெறுவோரும் கடனில் நொடித்தோரும் உள்ளே செல்ல முடியாது. தன் கணவனையோ மகனையோ உள்ளே விடாதீர்கள் என்று குடும்பத்தார் விண்ணப்பித்துத் தடையாணை பெறலாம். ஒருவர் தனக்குத் தானே தடை எழுதிக்கொடுக்கவும் வழி உண்டு. இவை எல்லாம் பாராட்டத் தக்கவை. ஆனால் நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடந்து உள்ளே போகக்கூடியவர் யார்? அயல்நாட்டவர். அயல்நாட்டவர் என்றால் பணப்பை நிறைந்த சுற்றுலாப் பயணி மட்டுமா? கட்டடம் கட்டவும் கப்பல் பட்டறையில் வேலை செய்யவும் போன தொழிலாளியும் அயல்நாட்டவரே. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நகையை விற்று முகவருக்குப் பணம் கட்டிப் போனவர்களும் அவர்களுள் உண்டு. வேலை அனுமதியில் சென்ற அயல்நாட்டுத் தொழிலாளர் பெருந்தொகையினர் தமக்குத் தாமே தடை எழுதிக்கொடுத்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. வேலி தன் மக்களைக் காத்தது. வேலிக்கு வெளியே நின்றவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

நம் நாட்டின் நிலை என்ன? அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34ஆம் இனமாக உள்ளன. அதனால்தான் கோவாவுக்கு ஒரு வழியும் தமிழகத்துக்கு ஒரு வழியும் அமைந்தன. கோவா 1992இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட எந்திரங்களுக்கும், 1996இல் கப்பல்களுக்கும் சட்டத்தைத் திறந்துவிட்டது. எதிர்க்கட்சியாய் இருக்கையில் கப்பல்களை அகற்றுவோம் என்று முழங்கியவர்கள், ஆட்சிக்கு வந்ததும் காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டே போனார்கள். வரும் வருவாய்க்குக் கருவூலம் பழகிவிட்டது. சூதாடுபவன் மட்டுமே அடிமையாவான் என்று எண்ணுகிறோம், அரசும் ஆகும். நமக்கு அண்மையிலேயே 2022 ஜூனில், சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டிலியா சொகுசுக் கப்பலில் சூதாட்டம் நடக்கும் என்று புதுச்சேரியில் எதிர்ப்பு எழ, கரைக்கு வர அதற்கு அனுமதி கிடைக்காமற் போனதை நாம் கண்டோம்.

தமிழகம் தூய்மையானது என்று நெஞ்சு நிமிர்த்தவும் எனக்கு மனமில்லை. 1968இல் பரிசுச் சீட்டை நடத்தியது நம் அரசுதான். 2003 ஜனவரியில் அதைத் தடை செய்ததும் நம் அரசுதான். அதே 2003 முடிவதற்குள் மதுக்கடைகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் செய்தோம். அது திறமையின் பாற்பட்டது, சூது அன்று என்று உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கிண்டிப் பந்தயத் திடலின் 160 ஏக்கர் நிலத்தை, குத்தகைப் பாக்கியைக் காட்டி 2024 செப்டம்பரில் அரசு மீட்டது. வழக்கு ஒருபுறம் நடக்க, மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டும் பணி மறுபுறம் நடந்தது. குதிரைகள் ஓடிய மண்ணில் நீர் நிற்பதை எண்ணி, நந்திவரம் ஏரியின் கரையில் வாழ்கிற நான் மகிழ்ந்தேன். 2015 வெள்ளத்தைக் கண்ட நமக்கு ஒரு குளத்தின் விலை தெரியும்.

இனி அந்த இளைஞர் எண்ணிப் பாராத ஒன்று. ஜி.எஸ்.டி. சாலையோரம் விடுதி வந்தால் என்று அவர் கேட்டார். விடுதி முன்னரே வந்துவிட்டது. அதற்குச் சாலையோர நிலம் தேவைப்படவில்லை. கடற்கரைக்குச் செல்லும் காலை வண்டியில், நின்றுகொண்டே கைப்பேசியில் சீட்டாடியவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வரவே, 2022இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைந்தது. இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி, அவற்றை அத்தடையிலிருந்து உயர்நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் விலக்கியது. பின்னர், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் விதி செய்தார்கள். மனிதன் தூங்க வேண்டிய நேரத்தை அரசு ஆணையிட்டுச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடுத்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. சாலையோர விடுதிக்கு வாயிற்காவலனாவது உண்டு. கைப்பேசிக்கு வேலி எங்கே போடுவது?

இவ்வளவு பேசுவதற்கு எனக்கு ஓர் உரிமை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் மிக மென்மையானவர். குடியில்லை, கோபமில்லை. வெள்ளிக்கிழமை மாலை வேலையிலிருந்து திரும்பும்போது ஒரு பரிசுச் சீட்டு வாங்குவார். வரவரக் கிழமை எல்லாம் வெள்ளியாயிற்று. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அந்நாளில் வழங்கிய முழக்கத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மாவும் தொடக்கத்தில் சிரித்தார். அவர் மறைந்தபின் தகரப் பெட்டியைத் திறந்தோம். விழாத சீட்டுகள், ஆண்டுவாரியாக நூலால் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. அவர் எதையும் மறைக்க நினைத்தவர் அல்லர். கணக்குப் பிசகாத எழுத்தர். அம்மா ஒரு கட்டைக் கையிலெடுத்து, எடை பார்ப்பவர்போல் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு, "நாடு நல்லா இருக்கட்டும்" என்றார். நான் ஒரு கவிதையும் அதைப் பற்றி எழுதியதில்லை. எழுத முடியவில்லை.

கவிஞர் பெருமக்களே, நாம் சட்டம் இயற்றுபவர்கள் அல்லர். நம்மிடம் உள்ளவை சொற்களே. சொற்களைக் காப்பது நம் வேலை. உல்லாசம் என்றும், திறமை விளையாட்டு என்றும், அதிர்ஷ்டம் என்றும் பெயர்கள் மாறிமாறி வரும். தமிழோ ஆட்டத்துக்கும் வஞ்சகத்துக்கும் 'சூது' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறது. சூதுவாது அறியாதவர் என்று நாம் நல்லவரைப் பாராட்டுகிறோம். பலகை எந்தப் பெயரில் வந்தாலும் அந்தப் பழைய சொல்லால் அதை அழைக்கும் துணிவு நமக்கு வேண்டும். நாளை ஏதேனும் ஓர் ஊரில் உண்மையாகவே ஒரு திட்டம் வந்து, மக்கள் கூடி விவாதிக்கும்போது, கேட்க வேண்டியவற்றை எடுத்துக் கொடுக்கிறவர்களாக நாம் இருக்க வேண்டும். வேலை எத்தனை பேருக்கு, வருவாய் எவ்வளவு என்று கேட்கட்டும். அதனோடு, இந்த வாயிலில் எம் பிள்ளைகளைத் தடுக்க வேலி போடுவீர்களா, போடுவீர்கள் என்றால் எதற்காக என்றும் கேட்கட்டும்.

தம்பி, நீங்கள் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள் என்று அறிவேன். உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். சொந்த ஊராரை உள்ளே விட அஞ்சுகிற மண்டபம் ஊருக்குச் செல்வம் ஆகாது. வேலை வேண்டும் என்ற உங்கள் கோரிக்கை நியாயமானது. அதை வேறு வாயில்களில் நாம் சேர்ந்தே போய்க் கேட்போம்.

நம் வட்டம் பத்தாண்டுகளாக நடத்திவருவதும் ஒரு கழகமே. இங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளூரார், அயலார் என்ற பாகுபாடு இல்லை. முதற்கவிதையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வாயிலில் தயங்கி நின்ற பள்ளி மாணவரையும், ஓய்வுபெற்றபின் எழுதத் தொடங்கிய என்னையும் ஒரே பாயில் அமர்த்தியது இது. இங்கும் நாம் ஒன்றைப் பணயம் வைக்கிறோம்: நம் சொல்லை. சில மாதம் கவிதை விழும், பல மாதம் விழாது. விழாதபோதும் எவர் வீட்டு நகையும் அடகுக்குப் போவதில்லை. பழைய மன்றத்து முதியவர்களின் கை பட்டுத் தேய்ந்த குழியைப்போல, இக்கூடத்தின் தரையிலும் நம் வருகையின் தடம் பதியட்டும்.